பிக்அப்பின் பின்பக்கம் இறங்குது: ஏர் பேக் போதுமா, வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வேணுமா?

#1 பாதைக்காரன்

வணக்கம் நண்பர்களே. என்கிட்ட இருக்கிறது அரை டன் பிக்அப் (அது ரகத்தோட பேர்தான்), நாலு கதவு, குட்டை பெட் (பின்னால சரக்கு ஏத்துற தொட்டி). பின்னால லீஃப் ஸ்பிரிங், முன்னால காயில். ரெண்டு ஆக்ஸில் கேம்பர் ட்ரெய்லர் ஒண்ணு வாங்கியிருக்கோம். சாமான், தண்ணீர் எல்லாம் ஏத்தினா 3200 கிலோ.

மாட்டினதும் பிக்அப்பின் பின்பக்கம் நல்லா இறங்கி மூக்கு மேல தூக்கிக்குது. ராத்திரியில் எதிரே வர்றவங்க ஹைபீம்னு நினைச்சு லைட் அடிக்கிறாங்க. நேர் ரோட்டிலேயே ஸ்டியரிங் லேசா மிதக்கிற மாதிரி இருக்கு.

பின்பக்கத்தைத் தூக்க சஸ்பென்ஷனுக்கு ஏர் பேக் போடலாம்னு யோசிக்கிறேன். 5000 பவுண்டு, அதாவது 2270 கிலோ வரைக்கும் சமன்படுத்தும்னு பெட்டியில் போட்டிருக்கு. ஒரு நண்பர் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்தான் (பாரத்தை மத்த ஆக்ஸில்களுக்கும் பிரிச்சு விடுற இணைப்பு) வேணும்ங்கிறார். இன்னொருத்தர் லீஃப் கட்டில் ஒரு பட்டை சேர்த்தா போதும்ங்கிறார். வண்டி 5 டன் இழுக்கும்னு ப்ரோஷரில் இருக்கிறதால இழுவையில் பிரச்சினை இல்லை. இந்த மூணில் எதுக்குப் போறது?

#2 இரும்புப்பட்டறை

தம்பி, கடைக்குப் போறதுக்கு முன்னாடி சில எண்களை இங்க எழுதிப் போடுங்க. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தா தூணில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஒண்ணுல வண்டியோட மொத்த எடை வரம்பு, முன் ஆக்ஸில் வரம்பு, பின் ஆக்ஸில் வரம்பு இருக்கும். டயர் காற்றழுத்தம் போட்டிருக்கிற இன்னொண்ணுல, ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாதுன்னு ஒரு வரி இருக்கும். அதுதான் பேலோட்.

அப்புறம் பம்பருக்கு அடியில் குனிஞ்சு ரிசீவர் (ஹிட்ச்சைச் செருகுற சதுரக் குழாய்) லேபிளைப் படிங்க. சாதாரண பால் மவுன்ட்டுக்கு (பால்னா ட்ரெய்லரை மாட்டுற இரும்பு உருண்டை) ஒரு வரம்பும், வெயிட் டிஸ்ட்ரிபியூஷனுக்கு வேறொரு வரம்பும் போட்டிருக்கான்னு பாருங்க.

பின்பக்கம் இறங்குறதை விட, ஸ்டியரிங் மிதக்குதுன்னு சொன்னீங்களே, அதுதான் எனக்குக் கவலை.

#3 பாதைக்காரன்

பார்த்துட்டேன் அண்ணே.

மொத்த வரம்பு 3200 கிலோ. முன் ஆக்ஸில் 1650, பின் ஆக்ஸில் 1800. பேலோட் 720.
ரிசீவர் லேபிளில் ரெண்டு வரி இருக்கு. சாதாரணமா இழுத்தா ட்ரெய்லர் 2270 கிலோ, டங் வெயிட் (ட்ரெய்லரோட மூக்கு பால் மேல அழுத்துற எடை) 227 கிலோ. வெயிட் டிஸ்ட்ரிபியூஷனோட இழுத்தா 5000, 500.

ட்ரெய்லர் தாளில் டங் வெயிட் 330 கிலோன்னு இருக்கு.

#4 இரும்புப்பட்டறை

அப்ப உங்க கேள்வியில் பாதிக்கு அந்த லேபிளே பதில் சொல்லிடுச்சு. டபிள்யூ.டி. (வெயிட் டிஸ்ட்ரிபியூஷன்) ஹிட்ச் இல்லாம அந்த ரிசீவர் 227 கிலோதான் தாங்கும்னு செஞ்சவனே எழுதி ஒட்டியிருக்கான். ஏர் பேக் வைங்க, பட்டை சேருங்க, எது செஞ்சாலும் அந்த எண் ஏறாது. ஏன்னா ஏர் பேக் நிக்கிறது ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல. ரிசீவர் குழாய்க்கு அதனால ஒரு உதவியும் கிடையாது.

தாளில் இருக்கிற 330-ஐ நம்பாதீங்க. பொதுவா அது காலி ட்ரெய்லரோட எண். கேஸ் சிலிண்டர், பேட்டரி, தண்ணீர், பாத்திரம், படுக்கை எதுவும் அதில் சேராது. வீட்டிலேயே அளக்கலாம். குளியலறை எடைமெஷின் ஒண்ணு, கனமான மரச்சட்டம் ஒண்ணு, அதே உயரத்துக்குச் செங்கல் அடுக்கு. சட்டத்தோட ஒரு முனை செங்கல் மேல, மறுமுனை மெஷின் மேல. ட்ரெய்லரோட முன் ஜாக் செங்கலிலிருந்து ஒரு அடி, மெஷினிலிருந்து ரெண்டு அடி தள்ளிச் சட்டத்து மேல இறங்கணும். மெஷின் காட்டுறதில், வெறும் சட்டம் மட்டும் இருந்தப்ப அது காட்டினதைக் கழிச்சுட்டு மூணால பெருக்குங்க. ட்ரெய்லர் மட்டமா நிக்கணும், சக்கரத்துக்குக் கட்டை வைக்க மறக்காதீங்க.

#5 பாதைக்காரன்

இன்னைக்கு அளந்தேன். 400 கிலோ வருது! முன் படுக்கைக்கு அடியில் 150 லிட்டர் தண்ணீர் டேங்க் நிறைஞ்சிருந்தது. பிக்அப்பில் நாங்க நாலு பேர் 260 கிலோ. பெட்டில் ஜெனரேட்டரும் பைகளும் சேர்ந்து 80.

#6 எடைக்கணக்கு

இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏர் பேக்கா, ஹிட்ச்சா என்ற வாக்குவாதம் பெரும்பாலும் கணக்குப் போடாமலேயே நடக்கிறது.

முதலில் பேலோட். 260 + 80 + டங் வெயிட் 400 = 740. டபிள்யூ.டி. ஹிட்ச்சின் தலைப்பகுதியும் கம்பிகளும் சுமார் 40 கிலோ இருக்கும். ஆக 780. உங்கள் வரம்பு 720. இழுவைத் திறன் 5 டன் என்று ப்ரோஷர் சொல்வது பொய்யில்லை. ஆனால் எஸ்.ஏ.ஈ. ஜே2807 முறையில் (இழுவைத் திறனை அளக்கும் பொதுத் தரமுறை) அந்த எண்ணைக் கணக்கிடும்போது வண்டிக்குள் ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டும்தான், அதுவும் ஆளுக்கு 68 கிலோ. டங் வெயிட்டும் 10 சதவீதம்தான். நாலு பேர் ஏறி, பெட்டில் ஜெனரேட்டர் வைத்து, டங் வெயிட் 12.5 சதவீதமாக இருக்கும் வண்டி வேறு. அரை டன் பிக்அப்பில் இழுவை எண்ணை எட்டுவதற்கு வெகு முன்பே பேலோட் தீர்ந்துவிடும்.

அடுத்து, ஸ்டியரிங் ஏன் மிதக்கிறது. உங்கள் வீல்பேஸ் (முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரம்) 3.7 மீட்டர், பின் ஆக்ஸிலிலிருந்து பால் வரை 1.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இவ்வகை வண்டிகளில் ஏறக்குறைய இப்படித்தான் வரும். பாலின் மேல் 400 கிலோ அமர்ந்தால், பின் ஆக்ஸிலில் 400 மட்டும் கூடாது. பால் ஆக்ஸிலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் நெம்புகோல் ஆகிறது:

பின் ஆக்ஸிலில் கூடுவது: 400 × 5.0 ÷ 3.7 = 540 கிலோ
முன் ஆக்ஸிலில் குறைவது: 400 × 1.3 ÷ 3.7 = 140 கிலோ

அந்த 140 கிலோதான் உங்கள் ஸ்டியரிங்கிலிருந்து காணாமல் போனது. முன் டயர் தரையை அழுத்தினால்தான் வண்டி திரும்பும். பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலை செய்வதும் முன் சக்கரங்களே.

இப்போது ஏர் பேக் வைத்துப் பின்பக்கத்தைப் பழைய உயரத்துக்குத் தூக்குங்கள். வண்டி மட்டமாகிவிடும், ஹெட்லைட் இறங்கிவிடும், பார்க்க அழகாக இருக்கும். மறுபடி எடைமேடையில் ஏற்றினால் பின்னால் +540, முன்னால் −140, ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் உயரம் மாறுமே தவிர, பாரம் எங்கே விழுகிறது என்பது மாறாது. லீஃப் பட்டை சேர்த்தாலும், ரப்பர் ஸ்பிரிங் வைத்தாலும் இதே கதைதான். எனக்கு இதில் பயம் உண்டு. மூக்கு தூக்கிய வண்டி ஓட்டுநரை எச்சரிக்கிறது. ஏர் பேக்கால் மட்டமாக்கிய வண்டியில் அந்த எச்சரிக்கை போய்விடும், ஆபத்து மட்டும் இருக்கும்.

டபிள்யூ.டி. ஹிட்ச் வேறு வேலை செய்கிறது. அதன் இரண்டு ஸ்பிரிங் கம்பிகளும் பிக்அப்பையும் ட்ரெய்லரையும் பால் இருக்கும் இடத்தில் மேல்நோக்கி மடக்கப் பார்க்கின்றன. அதனால் பின் ஆக்ஸிலில் இருந்து பாரம் கிளம்பி, ஒரு பங்கு முன் ஆக்ஸிலுக்கும் ஒரு பங்கு ட்ரெய்லர் ஆக்ஸில்களுக்கும் போகிறது. பாலிலிருந்து ட்ரெய்லர் ஆக்ஸில்களின் நடுப்புள்ளி 5.2 மீட்டர் என்றால், முன்னால் இழந்த 140-இல் பாதியை, அதாவது 70 கிலோவை மீட்கும்போது ட்ரெய்லர் ஆக்ஸில்கள் 40 கிலோ வாங்கிக்கொள்ளும். பின் ஆக்ஸிலில் கூடியது 540-இலிருந்து 430 ஆகும்.

கவனியுங்கள், அப்போதும் பிக்அப்பிலிருந்து வெளியே போனது 40 கிலோதான். உங்களிடம் 60 கிலோ அதிகம் இருக்கிறது. ஆகவே ஹிட்ச் வாங்கினால் மட்டும் போதாது, சுமையையும் குறைக்க வேண்டும்.

#7 ஐந்தாம்சக்கரம்

கணக்கு சரிதான். ஆனா ஏர் பேக்கையே வில்லனாக்கிட வேண்டாம் நண்பரே. நான் முக்கால் டன் பிக்அப்பில் ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் (பம்பரில் இல்லாம பெட்டுக்குள்ளேயே கிங் பின்ங்கிற ஆணியால மாட்டுறது) இழுக்கிறேன். கிங் பின் பாரம் பெட்டுக்கு நடுவில், பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே, இம்மியளவு முன்னால விழுது. உங்க கணக்கில் அந்த 1.3 மீட்டர் எனக்குப் பூஜ்யம். முன் ஆக்ஸில் எதையும் இழக்கிறதில்லை. பின்பக்கம் இறங்குறது மட்டும்தான் பிரச்சினை, அதுக்கு ஏர் பேக் அருமையான மருந்து. தலைக்கு நேர் மேல வச்ச சுமைக்கும், முதுகுக்குப் பின்னால நீட்டின கோலில் தொங்குற சுமைக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

கூஸ்நெக் (பெட்டுக்குள்ள இருக்கிற பாலில் மாட்டுறது) போடுறவங்களுக்கும், பெட் நிறையக் கல்லும் மண்ணும் ஏத்துறவங்களுக்கும் இதே பதில்.

ஒரு விஷயம்: ரெண்டு பேகையும் ஒரே குழாயில் T வடிவ இணைப்பு போட்டு இணைக்காதீங்க. வளைவில் வண்டி சாயும்போது சாயுற பக்கத்துக் காத்து மறுபக்கம் ஓடிடும், சாய்வு இன்னும் கூடும். இடம் வலம் தனித்தனிக் குழாய் போடுங்க. காலியா ஓட்டும்போதும் 5 பி.எஸ்.ஐ.யாவது இருக்கணும், இல்லன்னா பேக் மடிஞ்சு தேஞ்சு கிழியும்.

#8 பாதைக்காரன்

அப்ப நானும் ஃபிஃப்த் வீலுக்கே மாறிடலாமா? இன்னும் ட்ரெய்லரை மாத்திக்க வாய்ப்பிருக்கு.

#9 ஐந்தாம்சக்கரம்

உங்க வண்டிக்கு வேண்டாம். இழுத்தா ரொம்ப நிதானமா வரும், அது உண்மை. ஆனா ஃபிஃப்த் வீலில் கிங் பின் மேல விழுற எடை பொதுவா 20 சதவீதத்தை ஒட்டி வரும். 3200 கிலோவுக்கு 640. பேலோட் 720-இல் மிச்சம் 80. நீங்க ஒருத்தர் ஏறினாலே தீர்ந்துடும், ஹிட்ச் எடையை இன்னும் சேர்க்கலை. குட்டை பெட்டில் திரும்பும்போது ட்ரெய்லர் மூலை கேபினில் இடிக்காம இருக்க நகரும் ஹிட்ச் வேற வேணும், அது இன்னும் கனம்.

#10 நீலவானம்

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது நடுத்தர பிக்அப். 3500 கிலோ இழுக்கலாம், பாலில் 350 கிலோ வரை என்று கையேட்டில் இருக்கிறது. எனக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா?

#11 எடைக்கணக்கு

இன்னும் கறாராகப் பொருந்தும். உங்கள் கையேட்டில் வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த கூட்டு எடை வரம்பைத் தேடுங்கள். இவ்வகை வண்டிகள் பலவற்றில், வண்டியை அதன் மொத்த வரம்பு வரை நிரப்பிவிட்டு 3500-ஐயும் மாட்டினால் கூட்டு வரம்பு தாண்டிவிடும். இரண்டில் ஒன்றைத்தான் முழுதாக எடுக்க முடியும். டபிள்யூ.டி. ஹிட்ச்சை எல்லாத் தயாரிப்பாளர்களும் அனுமதிப்பதில்லை, அதையும் கையேட்டில் பாருங்கள். உங்கள் வண்டிக்குத் தனி இழை தொடங்கினால் விரிவாகப் பேசலாம்.

#12 இரும்புப்பட்டறை

நடுத்தர பிக்அப் வச்சிருக்கிறவங்க இதையும் கேட்டுக்கங்க, ஏன்னா சேஸிஸ் வளைஞ்சு போச்சுன்னு வர்ற வண்டி பெரும்பாலும் அந்த ரகம்தான்.

லீஃப் ஸ்பிரிங்கில் பாரம் சேஸிஸுக்கு ரெண்டு இடத்தில் போய்ச் சேரும். ஆக்ஸிலுக்கு முன்னால ஒரு ஹேங்கர், பின்னால ஒரு ஷேக்கிள். அந்தப் பின் ஷேக்கிள்தான் சேஸிஸோட வாலைத் தாங்கிப் பிடிக்குது. ஏர் பேக்கை நல்லா ஊதிட்டா பாரத்தில் பெரும்பங்கு ஆக்ஸிலுக்கு நேர் மேல ஒரே புள்ளிக்கு வந்துடும். பின் ஷேக்கிளோட தாங்கல் குறையும். வாலில் 350 கிலோ தொங்குது, பெட்டில் சாமான், ஒரு குழி மேல வேகமா ஏறி இறங்கினா போதும். கேபினுக்கும் பெட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பாருங்க. மேல விரிஞ்சு கீழ குறுகியோ, மேல குறுகி கீழ விரிஞ்சோ இருந்தா சேஸிஸ் வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். அந்த வண்டியை அப்படியே ஓட்டாதீங்க, சேஸிஸை அளக்கத் தெரிஞ்சவங்ககிட்ட உடனே காட்டுங்க.

மத்தபடி சஸ்பென்ஷன் சாமான்களைப் பத்தி சுருக்கமா சொல்றேன். டிம்ப்ரென், சூமோ ஸ்பிரிங்ஸ் மாதிரி வர்ற துணை ஸ்பிரிங் பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் சேஸிஸில் இடிக்காம தடுக்கிற கட்டை) இடத்தில் உட்காரும். காலியா ஓடும்போது அதிகம் தெரியாது, பாரம் ஏறினாதான் வேலை செய்யும். காத்துக் கசிவு, குழாய் தொல்லை இல்லை. ஆனா உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. லீஃப் பட்டை சேர்க்கிறது எப்பவும் பாரத்தோட ஓடுற வண்டிக்கு நல்லது. வாரநாளில் காலியா ஓட்டுறவங்களுக்குக் குலுக்கி எடுத்துடும்.

எல்லாரும் மறக்கிறது ஷாக் அப்சார்பரை. ஸ்பிரிங்கை விறைப்பாக்கிட்டுப் பழைய ஷாக்கோட விட்டா, பாலம் ஏறி இறங்கினதும் வண்டி முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே இருக்கும். உங்க வண்டியில் முதல் செலவு ஹிட்ச், ரெண்டாவது செலவு நல்ல மோனோட்யூப் ஷாக். ஏர் பேக் அதுக்கப்புறம்தான், தேவைப்பட்டா மட்டும்.

இதில் எதுவும் கதவுத்தூண் எண்ணை ஏத்தாது. 2270 கிலோன்னு பேக் பெட்டியில் இருக்கிறது அந்தப் பேகோட பலம். ஆக்ஸில், பேரிங், டயர், பிரேக், சேஸிஸ் எல்லாம் பழையபடி அதேதான்.

#13 குதிரைலாயம்

நான் குதிரை ட்ரெய்லர் இழுக்கிறவ. எங்க சரக்கு நின்ன இடத்தில் நிக்காது, கால் மாத்தும், தலை ஆட்டும். அதனால ஆட்டத்தைப் பத்திக் கொஞ்சம் அதிகமாவே யோசிச்சிருக்கேன். இங்க யாரும் அதைத் தொடலையே.

பாதைக்காரன் தம்பி, சுமையைக் குறைக்கணும்னு சொன்னதும் டங் வெயிட்டைக் குறைச்சிடாதீங்க. பின்னால இழுக்கிற ட்ரெய்லருக்கு 10-லிருந்து 15 சதவீதம் வேணும். அதுக்குக் கீழ போனா ட்ரெய்லரோட வால் கனத்து, ஒரு வேகத்துக்கு மேல தானாவே இடம் வலம் ஆடத் தொடங்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதை விடப் பெரிசாகும். பின்பக்க சைக்கிள் ஸ்டாண்டில் நாலு சைக்கிள் மாட்டுறது, கடைசி அலமாரியில் கனமான சாமான் வைக்கிறது, இதெல்லாம் அங்கதான் கொண்டு போகும். சதவீதம் சரியா இருந்தாலும் கனத்தை ரெண்டு முனையிலும் பிரிச்சு வைக்காதீங்க. ஆட ஆரம்பிச்சா நிறுத்தறது கஷ்டம். ஆக்ஸிலுக்குப் பக்கத்தில், கொஞ்சம் முன்னால, தாழ்வா வைங்க.

ஆட ஆரம்பிச்சுட்டா பிக்அப் பிரேக்கை அழுத்தாதீங்க, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீங்க. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்க, ஸ்டியரிங்கை நேரா பிடிச்சுக்கங்க, கையால ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலரை மட்டும் அழுத்துங்க. ட்ரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடிச்சா நேராகும். அந்தக் கன்ட்ரோலர் லீவர் எங்க இருக்குன்னு பார்க்காமலே கை போகணும், நிறுத்தி வச்ச வண்டியில் பழகிக்கங்க.

டபிள்யூ.டி. ஹிட்ச் வாங்கும்போது ஆட்டக் கட்டுப்பாடும் சேர்ந்து இருக்கிறதா பாருங்க. தனியா மாட்டுற ஒத்தை உராய்வுக் கம்பி மலிவு, ஆனா ரிவர்ஸ் எடுக்கும் முன்னாடி கழட்டணும். உங்க அளவு ட்ரெய்லருக்கு ஈக்வலைசர் மாதிரி நாலு இடத்தில் உராயுறதோ, ரீஸ் டூயல் கேம் மாதிரி நேர்நிலையில் வந்து உட்காருறதோ சரியா இருக்கும். ஹென்ஸ்லி, ப்ரோப்ரைட் ரெண்டும் வேற ஜாதி. திரும்பு புள்ளியையே பின் ஆக்ஸில் பக்கமா முன்னால தள்ளிடும், ஆட்டம் கிளம்பவே விடாது. ஆனா கனமும் அதிகம், விலையும் அதிகம். பேலோட் இறுக்கமா இருக்கிற வண்டிக்கு அந்தக் கனமும் கணக்கில் வரும்.

ஆனா ஒண்ணு, தப்பா ஏத்தின ட்ரெய்லரை எந்த ஹிட்ச்சும் சரி பண்ணாது. முதல்ல ஏத்துறதைச் சரி பண்ணிட்டு அப்புறம் ஹிட்ச் தேடுங்க.

#14 பாதைக்காரன்

அக்கா, அண்ணே, எல்லாருக்கும் நன்றி. நான் முடிவு பண்ணியது: தண்ணீர் டேங்கைக் காலி பண்ணிட்டு ஓட்டுவேன். ஜெனரேட்டரை (50 கிலோ) பெட்டிலிருந்து ட்ரெய்லருக்குள் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால மாத்துறேன். நாலு புள்ளி உராய்வு வகை ஹிட்ச், 1000 பவுண்டு கம்பி. அது சரியான அளவா? பெரிசா 1400 வாங்கிட்டா பின்னாடி உதவுமா? அப்புறம், ஏர் பேக்கும் சேர்த்துப் போட்டா எதை முதல்ல சரி பண்ணணும்?

#15 எடைக்கணக்கு

கம்பியின் அளவுக்கு டங் வெயிட்டோடு பெட்டில் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் இருக்கும் சரக்கையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். உங்களுக்கு 1000, அதாவது 454 கிலோ, தாராளம். 1400 வேண்டாம். அளவுக்கு மீறி விறைத்த கம்பி மேடு பள்ளத்தில் வளைந்து கொடுக்காது. அந்த அடி முழுவதும் ட்ரெய்லரின் ஏ-ஃபிரேமுக்கும் (முன்பக்க முக்கோணச் சட்டம்) ரிசீவருக்கும் போகும். வாங்குமுன் ட்ரெய்லர் தயாரிப்பாளர் டபிள்யூ.டி. ஹிட்ச்சை அனுமதிக்கிறாரா என்றும் பார்த்துவிடுங்கள்.

டேங்க் பாலுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இருந்தால் 150 கிலோவில் பாதி, 75, டங் வெயிட்டிலிருந்து குறையும். ஜெனரேட்டர் ஒரு 12 கிலோ திரும்பத் தரும். 340-ஐ ஒட்டி வரும், ட்ரெய்லர் 3100. ஏறக்குறைய 11 சதவீதம். குதிரைலாயம் சொன்ன எல்லைக்குள்தான், ஆனால் கீழ்விளிம்பில். பின்பக்கம் எதையும் ஏற்றாதீர்கள்.

ஏர் பேக் இருந்தால் குறைந்தபட்ச அழுத்தத்தில் வைத்து, ஹிட்ச்சை முதலில் சரிசெய்யுங்கள். பிறகு உயரம் போதவில்லை என்றால் சிறிது காற்று.

#16 ஐந்தாம்சக்கரம்

இந்த வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. முதல்ல காத்து அடிச்சு ஓரளவு உயரத்துக்குக் கொண்டுவந்துட்டு அப்புறம் கம்பியை இறுக்கச் சொல்லி நிறுவல் குறிப்புகளே இருக்கு.

#17 எடைக்கணக்கு

அப்படியும் இருக்கிறது, தெரியும். நான் ஹிட்ச்சை முன்னால் வைப்பதற்குக் காரணம் இது: கம்பி மாட்டிய பிறகு காற்றை ஏற்றினால் பின்பக்கம் உயர்ந்து கம்பியின் விறைப்பு தளர்கிறது, முன்னால் போன பாரம் திரும்பி வந்துவிடுகிறது. காற்றை முதலில் அதிகமாக அடித்தால், வண்டி ஏற்கெனவே மட்டமாக இருப்பதால் கம்பியை எவ்வளவு இறுக்குவது என்று கண்ணுக்குத் தெரியாது. எந்த வரிசையில் செய்தாலும் கடைசி அழுத்தத்தை வைத்து மறுபடி எடைமேடையில் ஏற்றினால் நமக்குள் சண்டையே இல்லை.

#18 ஐந்தாம்சக்கரம்

எடைமேடைக்குப் போறதா இருந்தா ஒத்துக்கிறேன்.

#19 பாதைக்காரன்

ஏர் பேக் வாங்கலை. ஹிட்ச் மாட்டியாச்சு, ஷாக்கும் மாத்தியாச்சு. குடும்பத்தோட எடைமேடைக்குப் போய் மூணு தடவை ஏத்தினேன்.

ட்ரெய்லர் இல்லாம, ஹிட்ச் தலை மட்டும்: முன் 1500, பின் 1310.
ட்ரெய்லர் மாட்டி, கம்பி இல்லாம: முன் 1380, பின் 1770, ட்ரெய்லர் ஆக்ஸில்கள் 2760.
கம்பி மாட்டி: முன் 1440, பின் 1680, ட்ரெய்லர் ஆக்ஸில்கள் 2790.

ஸ்டியரிங் மிதக்கிறது போயிடுச்சு. லாரி கடந்து போகும்போது மட்டும் லேசா ஒரு தள்ளு. ஆனா பின்பக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கு. தலையை இன்னும் சாய்ச்சு முன்னால முழு 1500-க்குக் கொண்டு வரட்டுமா?

#20 எடைக்கணக்கு

அருமையான எண்கள். முன்னால் இழந்தது 120, திரும்பியது 60, சரியாகப் பாதி. பிக்அப் 3120, வரம்பு 3200. கம்பி இல்லாமல் 1770-இல் இருந்த பின் ஆக்ஸிலும் 1800-இன் விளிம்பிலிருந்து விலகிவிட்டது.

உங்கள் பிக்அப் கையேட்டில் எவ்வளவு மீட்கச் சொல்கிறார்கள் என்று பார்த்து அதோடு நிறுத்துங்கள். சில கையேடுகள் பாதி என்கின்றன, சில அதற்கு மேல். முழுவதையும் தாண்டி முன்னால் தள்ளக்கூடாது என்பது எல்லாருக்கும் பொது. பின் சக்கரங்களின் பிடிப்பைக் குறைத்து முன்னதைக் கூட்டினால், அவசரமாகத் திருப்பும்போது வண்டியின் பின்பக்கம் வழுக்கிச் சுழலும். பின்பக்கம் கொஞ்சம் இறங்கி நிற்பது குறையே அல்ல.

ஒவ்வொரு முறையும் எடைமேடை கிடைக்காது. இப்போதே முன் சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை மூன்று நிலைகளிலும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை டேப் போதும்.

#21 இரும்புப்பட்டறை

அந்த லேசான தள்ளு டயராக இருக்கலாம். கார் ரக டயர் ஓடுதுன்னா பக்கச்சுவர் மெத்துனு இருக்கும், பாரத்தோட நெளியும். தாங்கும் பலம் போதும்தான், ஆனா எல்.டி. (லைட் ட்ரக்) ரகத்தில் அந்த நெளிவு குறையும். அதுவரைக்கும் பின் டயரில் கதவு ஸ்டிக்கர் அளவுக்குக் கீழ காத்து இறங்கவே விடாதீங்க. ட்ரெய்லரோட எஸ்.டி. (ட்ரெய்லருக்குன்னே செய்யுற) டயரிலும் வேக வரம்பைப் பாருங்க. தனியா எதுவும் போடலன்னா பலதுக்கும் மணிக்கு 105 கிலோமீட்டர்தான்.

புது ஹிட்ச் போல்ட்டெல்லாம் முதல் ஓட்டத்துக்கு அப்புறம் தளரும். டார்க் ரெஞ்ச் வச்சு மறுபடி இறுக்குங்க. உராயுற இடத்தில் கம்பெனி சொல்லாத கிரீஸ் எதையும் பூசிடாதீங்க, ஆட்டக் கட்டுப்பாடே போயிடும்.

#22 பாதைக்காரன்

டயர் மாத்துற நேரத்தில் எல்.டி. போட்டுக்கிறேன் அண்ணே. கடைசியா ஒண்ணு. நாங்க தங்குற சில இடத்தில் தண்ணீர் வசதி கிடையாது. டேங்கைக் காலியாவே கொண்டு போகவும் முடியாது. என்ன பண்றது?

#23 குதிரைலாயம்

போற இடத்துக்குக் கிட்டத்தில் கடைசியாக் குழாய் கிடைக்கிற இடத்தில் நிரப்புங்க, அதுவும் முழுசா வேண்டாம். உங்க கணக்குப்படி இப்ப பிக்அப்பில் ஆள், பை, ஹிட்ச், டங் வெயிட் எல்லாம் சேர்ந்து 670. முழு டேங்க்னா 75 ஏறி 745, வரம்பு தாண்டிடும். 60 லிட்டர்னா 30 கிலோ, 700-இல் நிக்கும். ஆனா அரைகுறை டேங்கில் தண்ணீர் அலையும், அந்தக் கடைசித் தூரத்தை மெதுவாப் போங்க. குடிக்கிற தண்ணீரை மட்டும் கேனில் தனியா ட்ரெய்லர் ஆக்ஸிலுக்கு மேல தரையில் வச்சுக் கட்டிட்டா டங் வெயிட்டை அது தொடவே தொடாது.